ஐந்துக்கு ஐந்து, ஒன்பதுக்கு ஒன்பது

மதிக்கு,

இங்கு யாவரும் நலம், அங்கு உன் நலமறிய என்று ஆரம்பிக்கிற அருகதையை ஆறு வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு நான் தொலைத்துவிட்டேன். அதனால் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒன்றில், ஒரே ஒரு தடவை, உன் ரேடியோவைப் போடு. உன் குரலைக் கேட்பதற்காக அல்ல. அது இனிமேல் என்னால் முடியாது. ஏன் முடியாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இதற்கு முன்னால் உனக்கு மூன்று கடிதம் போட்டேன். மூன்றும் பொய். அன்றைக்கு ஒரே கரகரப்பு, நீ சொன்னது விழவே இல்லை என்று மூன்றிலும் எழுதினேன். மின்னல், சூரியனில் புள்ளி, எவனோ சிலோன்காரன் குறுக்கே புகுந்தது என்று அண்டசராசரத்தையும் சாட்சிக்கு இழுத்தேன். நீ பதில் போடவில்லை. எப்படிப் போடுவாய்? நீ நல்ல ஆபரேட்டர். அன்றைக்கு வானம் புளி போட்டுத் துலக்கிய தாம்பாளம் மாதிரி இருந்தது என்று உனக்குத் தெரியும். நம் ஹாம் ரேடியோ கிளப் செயலாளர் சேவியர் சார், யார் எப்போது பேசினார்கள் என்று குறித்துவைக்கிற லாக் புத்தகத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆகவே நான்காவது கடிதத்தைத் தபாலில் போடாமல், கிளப் மாத மடலில் போடச் சொல்லி அவரிடமே கொடுத்தேன். படித்துவிட்டு, “குடும்ப விஷயங்க இது, வேணாங்க” என்று எழுதிக் காட்டினார். அன்றைக்கு அலைவரிசையில் பதினாறு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள், பதினாறு பேரும் படிக்கட்டும் என்றேன். மனுஷர் அச்சுக்கு ஸ்டென்சில் வெட்ட உட்கார்ந்துவிட்டார். மடல் உனக்கும் வரும். உறையில் கிளப் முத்திரை இருக்கும். என் கையெழுத்து இருக்காது. அதனால் பிரிப்பாய் என்று ஒரு நப்பாசை.

உன் அப்பன் எப்பேர்ப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். மடல் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். இந்த நெய்வேலியில் பூமிக்கடியில் கரி இருப்பதை மோப்பம் பிடித்துச் சொன்னதே நான்தான் என்கிற அளவுக்கு வாய். சேவியர் சார் தன் குவார்ட்டர்ஸ் கொல்லைப்புறத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை போட்டு கிளப் ஆரம்பித்தபோது, பவர் ஹவுஸில் நாங்கள் நாலு பேர் சேர்ந்தோம். அவர் ராணுவக் கழிவுச் சாமானில் வாங்கிய ரிசீவர் ஒன்றைத் திறந்து வைத்துப் பாடம் நடத்துவார். கண்டென்சர் கருகினால் என்ன வாசனை வரும், ஈயம் பற்றவைத்த இடம் நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று பார்வையிலேயே எப்படிச் சொல்வது, ஆன்டெனாக் கம்பி எத்தனை அடி இருந்தால் எந்த ஊருக்குப் போகும் என்றெல்லாம் சொல்லிக்கொடுப்பார். நான் கற்றுக்கொண்டதைவிட மற்றவர்களுக்கு விளக்கியது அதிகம். நீ பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தாய். அம்மா கொடுத்தனுப்பிய வேர்க்கடலைப் பொட்டலத்தோடு வந்தவள், புள்ளியும் கோடுமாய் எழுத்தை அடிக்கிற மோர்ஸ் வகுப்பு நடப்பதைப் பார்த்து பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தாய். மூன்று வாரத்தில் எங்கள் நாலு பேரையும் தாண்டிவிட்டாய். அந்த வயிற்றெரிச்சலை மறைக்க, ‘என் ரத்தம்’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

காடாம்புலியூர் முந்திரிக்காட்டில் கிளப் நடத்திய போட்டியை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சேவியர் சார் ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டரை எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டு வந்தார். கம்பி வளையத்தைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பி, சத்தம் எந்தத் திசையில் வருகிறது என்று பார்த்துப் பார்த்தே அதைக் கண்டுபிடிக்க வேண்டும். வளையம் ஒரு கோட்டைத்தான் காட்டும். பெட்டி அந்தக் கோட்டில் முன்னால் இருக்கலாம், முதுகுக்குப் பின்னாலும் இருக்கலாம். நூறு அடி தள்ளிப்போய் இன்னொரு தடவை பார்த்தால்தான் நிச்சயமாகும். எனக்கு அந்த இரண்டாவது தடவை தேவைப்படுமா? சேனாதிபதி மாதிரி கையைத் தூக்கி, கிழக்கே நட என்றேன். நீ பின்னாலேயே வந்து, “அப்பா, இன்னொரு வாட்டி பாத்துடலாம்ப்பா, அது மேக்காலயும் இருக்கலாம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். நான் பேசிக்கொண்டே நடந்தேன். முந்திரிக்காட்டைத் தாண்டி, பலாத் தோப்பைத் தாண்டி, பண்ருட்டி பஸ் போகிற ரோட்டையும் தொட்டுவிட்டோம். பெட்டி நாங்கள் கிளம்பிய இடத்துக்கு மேற்கே, கூப்பிடு தூரத்தில் ஒரு மரப்பொந்தில் இருந்தது. அன்றைக்கு நீ ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. காட்டியிருந்தால் எனக்கு உறைத்திருக்குமோ என்னவோ.

அப்புறம் சென்னையில் லைசென்ஸ் பரீட்சை. நீயும் நானும் ஒரே ரயிலில் போனோம். மோர்ஸில் அவர்கள் அடிப்பதைக் கேட்டு எழுத வேண்டும், நிமிஷத்துக்கு ஐந்து வார்த்தை. வகுப்பில் சேவியர் சார் தலைதலையாய் அடித்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: கேட்டதை எழுதுங்க, வரப்போறத எழுதாதீங்க. முதல் வார்த்தை கப்பல் என்று விழுந்தது. உடனே என் மூளை பாய்மரம் விரித்துவிட்டது. கப்பல் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது, சரக்கு இறங்கியது, கேப்டன் நலம் என்று நானே ஒரு சரித்திரம் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் அடித்தது கப்பல் தாமதம் என்பது. நீ ஒரு எழுத்து விடாமல் எழுதிப் பாஸ் பண்ணினாய். நான் ஆறு மாதம் கழித்துத் திரும்பப் போய்த்தான் தேறினேன். இரண்டாவது தடவையும் ஊகித்துத்தான் எழுதினேன் என்பதையும், அந்தத் தடவை ஊகம் பலித்துவிட்டது என்பதையும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஊகம் பலித்தவனைப் போல ஆபத்தான ஆள் கிடையாது, மதி. அவனுக்கு அப்புறம் காதே தேவைப்படாது.

காது என்று வந்துவிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன். டர்பைன் தளத்தில் இருபத்திரண்டு வருஷம். காதுக்கு மாட்டிக்கொள்ள மூடி கொடுத்தார்கள். ஒழுங்காக மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் இன்றைக்கும் கொசு பறப்பதைக் கேட்கிறார்கள். என் மூடி ஒரு வால்வுச் சக்கரத்துக்குத் தொப்பியாக மாட்டியிருந்தது. அந்த வால்வுக்கு இன்றைக்கும் காது நன்றாகக் கேட்கும். முதலில் குருவிச் சத்தம் போயிற்று. அப்புறம் குக்கர் விசில். அப்புறம் பெண்கள் குரல், பிள்ளைகள் குரல். வாய் அசைவது தெரியும், ஏதோ ஒரு முனகல் வரும், வார்த்தை வராது. உன் அம்மா பேசுவது கேட்காமல் போனது எந்த வருஷம் என்றே எனக்குத் தெரியாது. கேட்ட காலத்திலும் கேட்காதவன் மாதிரிதான் இருந்தேன், அதனால் அவளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

உன் கல்யாணத்தன்று மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் என்னிடம் என்னென்னவோ சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் ஆஹா என்றேன். நீ புருஷனோடு மத்தியப் பிரதேசத்து நிலக்கரி ஊருக்குக் கிளம்பியபோது, சீர்வரிசையோடு டிரான்ஸ்மிட்டர் பெட்டியையும் செப்புக் கம்பிச் சுருளையும் ஏற்றினோம். ரயில் நகரும்போது ஜன்னலில் குனிந்து ஏதோ சொன்னாய். கண் கலங்கியிருந்தது. நான் பெரிதாகத் தலையாட்டினேன். என்ன சொன்னாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்று வருஷமாய் அதற்கு நானே நாற்பது விதமாக வார்த்தை போட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஞாயிறு காலை கிளப் நெட்டில் ஆளாளுக்கு முறை வைத்துப் பேசி முடித்ததும் நீயும் நானும் பேசுவோம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். நீ சொன்னதை அவளாகவே திரும்பச் சொல்லி, “பாருங்க, கொழம்பு வெச்சாளாம், மழ பெய்யுதாம்” என்று மகிழ்வாள். அவள் உதட்டையும் முகத்தையும் பார்த்தே உனக்குப் பதில் சொல்லி மூன்று வருஷம் ஓட்டினேன். அவளுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. உலகத்தில் எந்தத் திருடனும் சொந்தப் பெண்டாட்டியை இப்படி மொழிபெயர்ப்பாளராக வைத்துத் தொழில் நடத்தியிருக்க மாட்டான். எதிராளியின் சிக்னல் எப்படி வருகிறது என்று சொல்லும் வழக்கம் உண்டல்லவா, தெளிவு ஐந்துக்கு இவ்வளவு, பலம் ஒன்பதுக்கு இவ்வளவு என்று? நான் எப்போதும் உனக்கு முழு மார்க் போட்டேன். ஐந்துக்கு ஐந்து, ஒன்பதுக்கு ஒன்பது, ஒரு எழுத்துகூட விடாமல் கேட்கிறது மகளே. இதே பாட்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா சேத்தியாத்தோப்பில் அவள் தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். நான் மட்டும் ரேடியோ முன்னால் இருந்தேன். அதற்கு முந்தின கடிதத்தில் மாப்பிள்ளைக்குப் பதவி உயர்வு இந்த மாதம் வந்துவிடும் என்று எழுதியிருந்தாய். நீ கூப்பிட்டாய். நீண்ட நேரம் பேசினாய். எனக்குக் கேட்டது, தூரத்தில் யாரோ மாவு அரைக்கிற மாதிரி ஒரு சத்தம். திரும்பச் சொல் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதைக் கேட்டால் பதினாறு பேருக்கு என் குட்டு உடைந்துவிடும். மைக்கை எடுத்து நான் சொன்னதைச் சேவியர் சார் பிறகு என்னிடம் எழுதிக் காட்டினார். அப்படியே தருகிறேன். “ஐந்துக்கு ஐந்து, ஒன்பதுக்கு ஒன்பது. எல்லாம் கேட்டது. ரொம்ப சந்தோஷம் மதி. இது வரும்னு நான் அப்பவே சொன்னேன் இல்லையா? மாப்பிள்ளைக்கு என் வாழ்த்து. எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிக் குடு.” சொல்லிவிட்டு செட்டை அணைத்துக் குளிக்கப் போய்விட்டேன்.

நீ சொன்னது இது என்று அவர் மறு தாளில் எழுதினார். “அப்பா, நேத்து அவர் மேல லாரி மோதிடுச்சிப்பா. ஆஸ்பத்திரில இருக்கார். ஒரு கால எடுக்கணும்ங்கறாங்க. நான் தனியா இருக்கேன். அம்மாவ உடனே அனுப்புங்க.”

நான் அணைத்த பிறகு நீ ஆறு தடவை கூப்பிட்டாயாம். சேவியர் சார் அலைவரிசைக்குள் வந்து உனக்குப் பதில் சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு ஓடிவந்தார். நான் துண்டோடு வந்து கதவைத் திறந்தேன். அவர் பேசினார். நான் அவரையும் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினேன். அந்த மனுஷர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைப்பையில் இருந்த சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். அவருக்கு அந்த நிமிஷம் புரிந்துவிட்டது. கிளப்பில் யாரையும் திட்டாத ஆள், எழுதியதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தார்: ‘கேக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சார்.’

சேத்தியாத்தோப்புக்கு ஆள் விட்டு, அம்மாவை அன்றைக்கே அழைத்துவந்து ரயிலேற்றியதெல்லாம் அவர்தான். நானும் வருகிறேன் என்று பெட்டி கட்டினேன். அம்மா பெட்டியைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். நான் பார்த்துப் புரிந்துகொள்கிற மாதிரி என் முகத்துக்கு நேரே நின்று சொன்னாள். “நீங்க வந்தா அங்கயும் பேசிக்கினேதான் இருப்பீங்க. இங்கயே கெடங்க.” இருபத்தைந்து வருஷத்தில் அவள் சொன்னதை முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். போன வாரம் அவள் கார்டு வந்தது. காலை முட்டிக்குக் கீழே எடுத்தாகிவிட்டது, மாப்பிள்ளை தேறிக்கினு வர்றார், ரேடியோக் கம்பிய மதி கழட்டிச் சுருட்டி வெச்சிட்டா, உங்க பேச்செடுத்தா எழுந்து போயிடறா. இவ்வளவுதான். கார்டில் இடம் மிச்சம் இருந்தது. அந்த மிச்ச இடத்தை நான் தினமும் எடுத்துப் பார்க்கிறேன்.

இடையில் நான் செய்த பைத்தியக்காரத்தனத்தையும் கேள். தபாலாபீசில் உன் ஆஸ்பத்திரிக்கு டிரங்க் கால் புக் பண்ணினேன். மூன்று மணி நேரம் காத்திருந்து, கூண்டுக்குள் போய் ரிசீவரைக் காதில் வைத்து மூன்று நிமிஷம் மன்னிப்புக் கேட்டேன். மதி, உன் காலில் விழுகிறேன் என்றுகூடச் சொன்னேன். கூண்டுக் கண்ணாடிக்கு வெளியே வரிசையே நின்று பார்த்தது. கிளார்க் வந்து கதவைத் திறந்து, கையை ஆட்டி ஆட்டி எதையோ சொன்னார். கடைசியில் அவரும் எழுதித்தான் காட்டவேண்டியிருந்தது. லைன் கிடைக்கவே இல்லையாம். நான் கொர்ரென்ற வெறும் கம்பியிடம் அழுதிருக்கிறேன்.

கம்பெனி ஆஸ்பத்திரி காது டாக்டர், கீழ்ச்சுதியில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதுவும் நாளாக நாளாகக் குறையும் என்று எழுதிக் காட்டினார். எத்தனை நாள் என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார். அதைக் கேட்கக் காது வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வராமல் நேரே கிளப்புக்குப் போனேன். சேவியர் சார் ரிசீவரில் மோர்ஸ் சத்தத்தின் சுதியை இறக்கி இறக்கி, மத்தளம் மாதிரி ஆக்கி வைத்தார். கேட்டது, மதி. குறில் ஒன்று, நெடில் ஒன்று, பிறகு இன்னொரு குறில். வருஷக்கணக்கில் எனக்கு முழுசாக வந்து சேர்ந்த முதல் விஷயம் அது. வாய் ஓயாதவன் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றிலிருந்து தினமும் ஷிப்ட் முடிந்து, புது ஆட்களுக்கு நடக்கிற ஆரம்ப வகுப்பில் நானும் உட்காருகிறேன். கிளப்பை உருவாக்கிய மாமன்னர்களில் ஒருவர் கடைசி பெஞ்சில். கேட்ட எழுத்தை மட்டும் எழுதுகிறேன். கேட்காத இடத்தில் கோடு போட்டு விடுகிறேன். என் தாளில் எழுத்தைவிடக் கோடுதான் அதிகம். சேவியர் சார் அதற்கு சரி போடுகிறார். இதைத்தான் அன்றைக்கு அந்த வகுப்பில் நீ மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டாய், எனக்கு இந்த வயது ஆகிறது. உனக்கு அறிவுரை சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன் என்கிற பாவத்துக்கு ஒன்று சொல்கிறேன். மாப்பிள்ளை இனி நிறைய விஷயம் சொல்லாமல் மறைப்பார். வலிக்கவில்லை என்பார், பழகிவிட்டது என்பார். நீயாக ஒன்றை நினைத்துக்கொண்டு தலையாட்டாதே. இன்னொரு தடவை கேள்.

இப்போது என் மனு. நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று இதில் எங்கும் எழுதவில்லை, பார்த்துக்கொள். கம்பியை மறுபடி கட்டு. அம்மா ஒரு முனையைப் பிடிப்பாள். ஞாயிறு காலை எட்டரை, நெட் முடிந்ததும், நம் பழைய இடம். மைக்கைக் கழற்றி சேவியர் சாரிடம் ஒப்படைத்துவிட்டேன், இனி என் செட்டில் அது ஏறாது. மோர்ஸில் அடி. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் போடு. நிமிஷத்துக்கு ஐந்து வார்த்தைக்கு மேல் போகாதே. சுதியை நான் என் பக்கத்திலேயே இறக்கிக்கொள்கிறேன். நல்ல வார்த்தை எதையும் தேட வேண்டாம், திட்டு. அந்த வேகத்தில் திட்டினால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வந்து விழும், எனக்கு அதுதான் வேண்டும். இந்த ஞாயிறு வராவிட்டால் அடுத்த ஞாயிறு இருப்பேன், அதற்கடுத்ததும் இருப்பேன். டாக்டர் சொன்ன அந்த மிச்சம் இருக்கிறவரை இருப்பேன்.

நீ பாதியில் நிறுத்தினால் மீதியை நானாக எழுதிக்கொள்ள மாட்டேன். விழாத இடத்தில் கேள்விக்குறி அடிப்பேன். இரண்டு புள்ளி, இரண்டு கோடு, இரண்டு புள்ளி. லைசென்ஸ் வாங்கி இத்தனை வருஷத்தில் அதை ஒரு ஆளுக்கும் நான் அடித்ததில்லை. உனக்கு நிறைய அடிப்பேன், மதி. சலித்துக்கொள்ளாமல் திரும்பச் சொல்லும்மா.

அப்பா